வாசகர் கேள்வி–பதில்: கஷ்ட காலத்தில் ஒரு நன்றி நோட்டு

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், "துன்பமான நாட்களில் தினமும் ஒரு நன்மையையாவது நன்றியோடு குறித்து வையுங்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற எல்லாப் பதில்களுக்கும் வந்தவற்றைவிட அதிகம். பாதிக் கடிதங்களில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதால் இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். பலர் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: வேலை போய் எட்டு மாதமாகிறது. சேமிப்பு கரைந்துகொண்டே வருகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "இருப்பதை நினைத்து நன்றியோடு இரு" என்கிறார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல் இருக்கிறது. நீங்களும் அதையே எழுதிவிட்டீர்கள். வேலை போனதற்கா நான் நன்றி சொல்ல வேண்டும்?

வேண்டாம். அது இழப்பு, அதை இழப்பு என்றே சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று ஒருவர் தம்முடைய இழப்பைப் பற்றிப் பத்து வருடம் கழித்துத் தாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருடைய இழப்பைப் பற்றி எட்டாவது மாதத்தில் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பல நேரங்களில் "நன்றியோடு இரு" என்னும் அறிவுரை, "உன் புலம்பலைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை" என்பதன் மரியாதையான வடிவம்தான். என் வரியும் அப்படித் தொனித்திருந்தால் அது என் எழுத்தின் குறை.

நான் சொல்ல வந்ததை நம் மொழியே என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். இன்று நன்றி என்றால் உதவி பெற்றவர் வாயிலிருந்து வரும் சொல் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த அதிகாரத்தில் 'காலத்தினால் செய்த நன்றி' என்று வரும்போது, நன்றியைச் செய்கிறவர் உதவி செய்தவர். நன்றி என்பது அவர் செய்த நன்மை. அதை அறிவதுதான் பெற்றவருடைய வேலை. மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதோ, துயரத்தை மறப்பதோ, நெகிழ்ந்து உருகுவதோ அந்தத் தலைப்பில் இல்லை. மனம் கசந்துபோயிருக்கும் ஒருவரால்கூட, தமக்கு நடந்த ஒரு நன்மையை நன்மை என்று அறிய முடியும்.

அறிவதற்கு ஏன் ஒரு பழக்கம் வேண்டும் என்றால், நம் மனம் அந்த வேலையைத் தானாகச் செய்வதில்லை. ராய் பாமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த பலதுறை உளவியல் ஆய்வுகளைத் திரட்டி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், கெட்டது நல்லதைவிட வலுவாகப் பதிகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பாராட்டைவிட ஏச்சு, ஆதாயத்தைவிட நஷ்டம் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். மனத்தை ஒரு கணக்கராக நினைத்துக்கொள்ளுங்கள். செலவை அவர் உடனுக்குடன் எழுதிவிடுவார். வரவைப் பக்கத்தில் நின்று சொல்லித்தான் எழுத வைக்க வேண்டும். கஷ்ட காலத்தில் செலவு உண்மையிலேயே அதிகம், அதை அடித்துத் திருத்தும்படி யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. விடுபட்ட வரவையும் ஏற்றுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரவு இருக்கிறது. பழைய அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர், நீங்கள் கேட்காமலே உங்கள் விண்ணப்பத்தைத் தம்முடைய புதிய நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், "ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்கவில்லை என்பது செலவுப் பக்கம். அவர் உங்களை நினைத்துக்கொண்டார், ஒரு வேலைநாளில் நேரம் ஒதுக்கினார், தம் மேலாளரிடம் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்பது வரவுப் பக்கம். விளைவு சரியாக வராததால் செய்த நன்மை இல்லாமல் போய்விடாது. நீங்கள் இரண்டையும் ஒரே வரியில் எழுதி, "ஆனால்" போட்டு ஒன்றை ஒன்றால் அழித்திருக்கிறீர்கள். அவற்றை இரண்டு வரிகளாக எழுதிப் பாருங்கள். நான் சொல்லும் பழக்கம் அவ்வளவுதான்.

கேள்வி: ஆசையோடு புது நோட்டு வாங்கி ஆரம்பித்தேன். முதல் நாள் "குடும்பம், உடல்நலம், நண்பர்கள்" என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதே. ஐந்தாம் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிட்டது. எனக்குத்தான் நன்றியுணர்ச்சி இல்லையா?

உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. "குடும்பம்" என்று எழுதினால் யாருக்குமே ஒன்றும் தோன்றாது. நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பது நாள் படுக்கையில் இருந்தாள். அந்த நாட்களில் நான் வைத்திருந்த சிறிய நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் எட்டு நாளும் நீங்கள் எழுதியதைப் போலவே, "நல்ல மருத்துவர்கள், உறவினர்கள், கடவுள் அருள்" என்று இருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்தாலே கடமைக்கு எழுதியது தெரிகிறது. ஒன்பதாம் நாள் இப்படி இருக்கிறது: "இரவு இரண்டு மணிக்கு ஊசி போட வந்த செவிலியர், தம் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிறகே இவள் கையைத் தொட்டார்." அந்த வரியை வாசிக்கும்போது இன்றும் அந்த அறையின் மங்கிய விளக்கும், உள்ளங்கைகள் உரசும் ஓசையும் எனக்குத் திரும்பி வருகின்றன. முதல் எட்டு நாளின் பக்கங்களை வாசித்தால் எதுவுமே வருவதில்லை.

ஆகவே யார், என்ன செய்தார், எப்போது என்ற மூன்றும் வரும்படி ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னதோடு, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். அவ்வாறு எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் முன்னேற்றம் தெரிந்தது. என் அனுபவத்தில் அந்த "ஏன்" தான் பழக்கத்துக்கு உயிர். கைகள் சில்லென்றிருந்தால் நோயாளி திடுக்கிட்டு விழிப்பார் என்று அந்தச் செவிலியருக்குத் தெரிந்திருந்தது, அதனால் தேய்த்துக்கொண்டார் என்று எழுதும்போது, ஒரு தற்செயல் ஒரு மனிதருடைய அக்கறையாக மாறிவிடுகிறது.

எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். தினமும் பத்து எழுதுவேன் என்று சபதம் எடுப்பவர்கள் பலர். ஷ்வார்ஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991இல் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. தாங்கள் உறுதியோடு நடந்துகொண்ட சந்தர்ப்பங்கள் ஆறு சொல்லும்படி ஒரு சாராரையும், பன்னிரண்டு சொல்லும்படி இன்னொரு சாராரையும் கேட்டார்கள். பன்னிரண்டு சொன்னவர்களே தங்களை உறுதி குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் தட்டுத் தடுமாறியதால், "என்னிடம் அது அவ்வளவாக இல்லை போலும்" என்று தோன்றிவிட்டது. இதே விபத்து உங்கள் நோட்டிலும் நேரலாம். துன்பமான ஒரு நாளில் பத்து நன்மைகளைத் தேடி நான்கோடு நின்றுபோனால், வாழ்க்கையே வறண்டுவிட்டது என்றுதான் மனம் முடிவுகட்டும். கண்ணில் தட்டுப்பட்ட ஒன்று போதும், மூன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

அப்படியும் ஒன்றும் தோன்றாத நாளில், இருப்பதை எண்ணுவதை விட்டுவிட்டு, அது வராமலே போயிருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரை நீங்கள் முதன்முதல் சந்தித்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் வேறு பேருந்தில் ஏறியிருந்தால், அவர் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிகழ்ச்சி ஒன்று நடந்ததை நினைவுகூர்ந்தவர்களைவிட, அது நடக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்களின் மனநிலையே மேம்பட்டிருந்தது. பழகிப்போனது மறுபடியும் புதிதாகத் தெரிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: தினமும் எழுதினால்தான் பலனா? 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? எனக்கு நடுநடுவே விட்டுப்போகிறது. விட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறேன்.

எண்ணுவதை நிறுத்துங்கள், அந்த 21இல் ஒன்றுமில்லை. பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவினரும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. விட்ட நாளை விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருப்பதால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

தினமுமா வாரம் ஒரு முறையா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோன்யா லுபோமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு வாரம் நடத்திய பரிசோதனையில், வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் தெரிந்தது. அடிக்கடி செய்தால் அலுத்துவிடுகிறது என்று அதற்கு அவர்கள் காரணம் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நான் சில காலம் எல்லாரிடமும் வாரம் ஒரு முறை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் கருத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. ஓரளவு சுமுகமாகப் போகும் வாழ்க்கையில் வாரம் ஒரு முறை சரி. நாளொரு துன்பமாக வந்துகொண்டிருக்கும் காலத்தில், வாரக் கடைசியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் ஞாயிறு முதல் சனி வரை ஒரே கரிய மூட்டமாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை யாரோ சொன்ன ஓர் இதமான சொல் அதற்குள் மறைந்துபோயிருக்கும். ஆகவே கவனிப்பது தினமும் இருக்கட்டும், ஒரு வரிக்கு மேல் வேண்டாம். விரித்து எழுதுவதை வாரம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துபோகிறது என்பதற்கு ஒரு வழி உண்டு. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். "இரவு பல் துலக்கிவிட்டு வந்ததும் நோட்டைத் திறப்பேன்" என்று இடமும் நேரமும் சொல்லி முடிவு செய்வது, "இனிமேல் தினமும் எழுதுவேன்" என்ற பொதுவான உறுதியைவிட நன்றாக நிலைக்கிறது. பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பேனாவைத் தேடப் போய் அப்படியே படுத்துவிட்ட இரவுகள் எனக்கு உண்டு.

கேள்வி: செல்பேசியில் எழுதலாமா, நோட்டில்தான் எழுத வேண்டுமா?

எதில் எழுதினாலும் சரி. செல்பேசியை எழுதுவதற்காக எடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வேறெங்கோ இருப்பவரானால் நோட்டு. எழுதவே வராது என்றால் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கு நீங்களே ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: நினைவு மங்கிவரும் மாமியாரை நான்கு வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எனக்கென்று ஐந்து நிமிடம்கூட இல்லை. இரவில் படுத்தால் நாளைக்கு என்னென்ன ஆகுமோ என்று தூக்கமும் வருவதில்லை. இதில் நன்றிக்கு எங்கே போவேன்? சில நாள் அவர்மேல் வெறுப்புக்கூட வருகிறது. அதைச் சொல்லவே கூசுகிறது.

அன்புச் சகோதரி, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு வருடம் இடைவிடாமல் ஒருவரைப் பராமரிக்கிறவருக்கு வெறுப்பு எட்டிப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நன்றி நோட்டு வைத்துக்கொள்வது அந்த வெறுப்பை மூடிவைக்கும் மூடியாக ஆகிவிடக் கூடாது. எழுதுவதானால் அதே பக்கத்தில் அதையும் எழுதுங்கள்: "இன்று மூன்றாம் முறை படுக்கையை மாற்றினேன், கத்திவிட்டேன்." அதன் கீழே, இருந்தால் மட்டும், இன்னொன்று. நீங்களே கடிதத்தின் நடுவில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: பெயர் மறந்துபோன நிலையிலும், நீங்கள் தலை வாரிவிடும்போது அவர் கழுத்தைத் தளர்த்தி உங்கள் கைக்குக் கொடுத்துவிடுகிறார் என்று. அதைப் போன்ற ஒரு வரி. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒன்றோடொன்று சமாதானப்படுத்த முயல வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை.

நேரம் இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். எழுத வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு, கவலைகள் வரிசையில் வந்து நிற்கும் அந்த நேரத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்திப் பாருங்கள். 2009இல் 401 பேரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்கள் ஒப்பீட்டளவில் நன்றாகத் தூங்குவதாகவும், தூங்குவதற்கு முன் அவர்கள் மனத்தில் ஓடும் எண்ணங்கள் வேறாக இருப்பதே அதற்குக் காரணம் என்றும் கண்டார்கள். அதற்கும் முன்பு, 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும், நரம்பும் தசையும் பாதிக்கப்படும் நோயோடு வாழும் பெரியவர்களிடம் 21 நாள் இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தார்கள். எழுதியவர்கள் எழுதாதவர்களைவிடக் கூடுதல் நேரம் தூங்கியதாகத் தெரிவித்தார்கள். அவர்களுடைய நோய் அந்தப் பயிற்சியால் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை, உங்கள் வீட்டு நிலைமை இதனால் மாறும் என்று நானும் சொல்லவில்லை. கொஞ்சம் தூக்கம் கிடைத்தால் நாளைய பாரத்தைத் தூக்கக் கொஞ்சம் தெம்பு இருக்கும்.

ஆனால் இதைவிட அவசரமானது வேறொன்று. வாரத்தில் ஒரு பகல் பொழுதாவது வீட்டில் வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும். உங்கள் கணவரிடமும் அவருடைய உடன்பிறந்தவர்களிடமும் அதை வேண்டுகோளாக இல்லாமல் ஏற்பாடாகவே சொல்லுங்கள். "நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்" என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லும் நன்றி, அந்த ஒரு பகலுக்கு ஈடாகாது.

கேள்வி: "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டும்" என்று என் தந்தை சொல்வார். இதுவும் நன்றிதானே?

உங்கள் தந்தையிடம் எனக்கு மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் உடன்பாடு இல்லை. முதலாவது, இன்னொருவருடைய துன்பம் நம் மருந்தாகிவிடுகிறது. இரண்டாவது, ஒப்பிடப் பழகிய கண் கீழே பார்ப்பதோடு நிற்பதில்லை. அடுத்த நிமிடமே மேலே பார்க்கும், அப்போது அடைந்த ஆறுதல் வட்டியோடு போய்விடும். நான் மேலே சொன்ன செவிலியருடைய கைகளை அறிவதற்கு, பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் எங்களைவிட மோசமான நிலையில் இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கேள்வி: தொழிலில் நொடித்துப்போனபோது அண்ணன்தான் என் கடனை அடைத்தார். அன்றிலிருந்து அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்விடுகிறேன். நான் நன்றி கெட்டவனா?

நன்றி கெட்டவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார். உங்களிடம் இருப்பது நன்றியும் கடன்பட்ட உணர்வும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட ஒரு முடிச்சு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், ஆனால் அவை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பவை. நன்றி உதவியவரை நோக்கிப் போகச் சொல்லும். கடன் அவரைக் கண்டால் ஒதுங்கச் சொல்லும். நீங்கள் உள்ளே போய்விடுவது இரண்டாவது.

இப்போதைய உங்கள் கணக்கில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது: அண்ணன் கொடுத்த தொகை. அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அது உங்களை விடாது, விடவும் வேண்டாம். முடிந்தபோது மாதத் தவணையாகவாவது திருப்பித் தருவது உங்கள் மானத்துக்கு நல்லது. ஆனால் அவர் செய்த நன்மை அந்தத் தொகை மட்டும்தானா என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். செய்தி எப்படி அவர் காதுக்குப் போயிற்று? அண்ணியிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்? பணத்தைக் கையில் கொடுத்தாரா, யாருக்கும் தெரியாமல் நேராகக் கடன்காரருக்குச் செலுத்திவிட்டாரா? பிறகு எப்போதாவது அதைச் சொல்லிக்காட்டினாரா? உங்கள் கடிதத்தின்படி, இரண்டு வருடமாக அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தொகையைத் தவணையில் அடைத்துவிடலாம். அந்த இரண்டு வருட மௌனத்தை அடைக்க எந்தத் தவணையும் இல்லை. அதை அறிந்துகொண்டதாக அவரிடம் சொல்லத்தான் முடியும்.

சொல்லுங்கள். நேரில் வாய் வராது என்றால் ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், அது பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று இருப்பதைவிட அதிகமாகவும், அவர் அடையும் மகிழ்ச்சியை இருப்பதைவிடக் குறைவாகவும் ஊகிக்கிறார்கள் என்று தெரிந்தது. எழுதுகிறவர் தம் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்பட, பெறுகிறவருக்கோ அதிலுள்ள அன்புதான் கண்ணில் படுகிறது. உங்கள் கடிதத்தில் "என்றும் மறக்க மாட்டேன்", "தெய்வம்போல் வந்தீர்கள்" என்பவை வேண்டாம். அவற்றைக் கேட்டு உங்கள் அண்ணன் உள்ளே போய்விடுவார். அவர் செய்தவற்றை வரிசையாக எழுதி, அவற்றை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்துங்கள், போதும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. இன்னொரு வாசகி அதைக் கேட்டிருக்கிறார். செய்த உதவியை நாலு பேர் நடுவில் சொல்லிக்காட்டி, அதை வைத்தே ஆட்டிப்படைக்கும் உறவினருக்கு நன்றியோடு இருக்க வேண்டுமா என்கிறார். அவர் செய்தது நன்மை என்று அறிந்திருங்கள், இயன்றபோது திருப்பிச் செய்யுங்கள். அவருடைய அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது நன்றியில் சேராது.

கேள்வி: வீட்டில் வருமானம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார்கள். தினமும் இரவு ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். முனகிக்கொண்டே சொல்கிறார்கள். சரிதானா?

விதியை எடுத்துவிடுங்கள். குறை சொல்லாதே என்பதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் இழந்தவை அவர்கள் அளவில் பெரியவை. அவற்றைச் சொல்ல இடம் கொடுங்கள். நீங்கள் மட்டும் அன்று உங்களுக்கு யாரோ செய்த ஒரு நன்மையைக் கதையாகச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஆள் உங்கள் பிள்ளையாகவே இருக்கட்டும். "நான் அலுத்து வந்தபோது நீ கேட்காமலே மின்விசிறியை என் பக்கம் திருப்பினாய்" என்று சொன்னால் பெரியவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போவான். கேட்டிருப்பான்.

கேள்வி: என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் சொன்னாள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எதை எழுதினாலும் அவரில் போய் முடிந்து அழுகைதான் வருகிறது. மூன்று வாரமாக எழுதவும் இல்லை. எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. விடாமல் எழுதினால் சரியாகிவிடுமா?

அம்மா, நோட்டை மூடி வையுங்கள். எழுதாமல் விட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஒருவரோடு வாழ்ந்த வாழ்க்கையின் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்தால் அவற்றில் அவர் இருக்கத்தான் செய்வார். அழுகை வருவதால் நீங்கள் எதையும் பிழையாகச் செய்துவிடவில்லை.

ஆனால் பிற்பாதியில் நீங்கள் எழுதியிருப்பவற்றை வெறும் துக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடிப்பின்மையும் பசியின்மையும் தூக்கக் குலைவும் ஏறத்தாழ எல்லா நாட்களிலும், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நன்றிப் பயிற்சிகளை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, பலன் சிறிதளவே என்றும், அந்த நிலைமைகளுக்கு அதைவிட வலுவான சிகிச்சைகளை நாட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பழக்கத்தை இத்தனை பக்கம் பரிந்து பேசிய நானே இதைச் சொல்வதால் நீங்கள் நம்பலாம்.

இந்த வாரத்திலேயே மகளை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் வாரக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரத்திலேயே மகளை எழுப்பிச் சொல்லுங்கள். போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எந்த வரியில் நின்றுபோயிற்று, அதற்குப் பின் எத்தனை பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று காட்டினால், எங்கிருந்து பேச ஆரம்பிப்பது என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது.